இரண்டாம் நாற்காலி



நான்கு ஆண்டுகளுக்கு ஒருமுறை நவம்பர்த் திங்களில் அமெரிக்க மக்கள் தம் அதிபரைத் தேர்ந்தெடுக்கச் சாவடிக்குச் செல்கின்றனர். அவர்கள் கையில் பெறும் வாக்குச் சீட்டில் ஒரு கட்டத்துக்கு இரண்டு பெயர்கள் இருக்கும். முதற்பெயர் அதிபர் வேட்பாளருடையது. அடுத்த பெயர் துணை அதிபர் வேட்பாளருடையது. முதலாமவரை விரும்புகிறேன், இரண்டாமவரை விரும்பவில்லை என்று பிரித்து வாக்களிக்க வழியில்லை. கொண்டால் இருவரையும் கொள்ள வேண்டும். விட்டால் இருவரையும் விட வேண்டும்.

முதலாமவர் மாநிலந்தோறும் உட்கட்சித் தேர்தல்களில் நின்று, ஏசப்பட்டு, சோதிக்கப்பட்டு, மாதக்கணக்கில் அலைந்து அவ்விடத்தை அடைகிறார். இரண்டாமவரோ பெரும்பாலும் ஒரே ஒருவரின் விருப்பத்தால், சில நாள்களில், சில வேளை சில மணி நேரத்தில் அவ்விடத்தில் அமர்த்தப்படுகிறார். ஆயினும் முதலாமவர் மறைந்தால் அந்நொடியே நாடு முழுவதும் இரண்டாமவர் கைக்குச் சென்றுவிடுகிறது.

நம் நாட்டு முறை வேறு. இங்கே குடியரசுத் துணைத் தலைவரை நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களும் தனியாகத் தேர்ந்தெடுக்கின்றனர். 1969 மே 3 அன்று டாக்டர் ஜாகிர் ஹுசைன் பதவியிலிருக்கும்போதே மறைந்தார். அப்போது துணைத் தலைவராக இருந்த வி.வி.கிரி பொறுப்பு மட்டுமே ஏற்றார். பின்னர் புதிதாகத் தேர்தல் நடந்தது. அமெரிக்காவில் அப்படியன்று. அங்கே துணை அதிபர் எஞ்சிய காலம் முழுவதற்கும் முழு அதிபராகவே ஆகிவிடுகிறார். இதுவரை எட்டு அதிபர்கள் பதவியிலேயே இறந்துள்ளனர். நிக்ஸன் 1974-இல் பதவி விலகினார். ஆக, ஒன்பது முறை அந்த இரண்டாம் நாற்காலிக்காரர் முதல் நாற்காலிக்கு வந்திருக்கிறார். இத்தனை முறை நிகழ்ந்த ஒன்றை எதிர்பாராத விபத்து என்று சொல்லலாமா?

தொடக்கத்தில் துணை வேட்பாளர் என்ற ஒருவரே இல்லை. மாநிலத் தேர்வாளர்கள் ஒவ்வொருவரும் இரண்டு பெயர்களுக்கு வாக்களிப்பர். மிகுதி பெற்றவர் அதிபர், அடுத்தவர் துணை அதிபர். 1796-இல் ஜான் ஆடம்ஸ் அதிபரானார். அவரை எதிர்த்து நின்ற ஜெஃபர்ஸன் அவருக்கே துணை அதிபரானார்! எதிரியைப் பக்கத்தில் அமர்த்திக்கொண்டு ஆட்சி செய்வது எங்ஙனம்? 1800-இல் குழப்பம் முற்றியது. ஒரே கட்சியைச் சேர்ந்த ஜெஃபர்ஸனும் ஆரன் பர்ரும் ஆளுக்கு 73 வாக்குகள் பெற்றுச் சமமாக நின்றனர். துணையாக வர வேண்டிய பர் விட்டுக்கொடுக்கவில்லை. பிரதிநிதிகள் சபை 36 முறை வாக்கெடுத்த பின்னரே ஜெஃபர்ஸன் வென்றார். இதன் விளைவாக 1804-இல் பன்னிரண்டாம் திருத்தம் வந்தது. இரு பதவிகளுக்கும் தனித்தனி வாக்கு என்றாயிற்று. அன்று முதல் கட்சிகள் இருவரை இணையாக நிறுத்தலாயின. இணை என்றதும் சமன்பாடு பார்க்கும் வழக்கமும் உடன் வந்தது. வடக்கிலிருந்து ஒருவர் என்றால் தெற்கிலிருந்து ஒருவர். முதியவர் என்றால் இளையவர். கலியாணத்துக்குப் பொருத்தம் பார்ப்பதுபோல் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் கலியாணத்தில் மணமக்கள் சேர்ந்து வாழ்வார்களா என்றாவது பார்க்கிறோம்!

இந்தச் சமன்பாட்டுக்கு ஒரு சமூகம் கொடுத்த விலையைக் காணுங்கள். 1864-இல் உள்நாட்டுப் போர் நடந்துகொண்டிருந்தது. ஆபிரகாம் லிங்கனின் துணை அதிபர் மெய்ன் மாநிலத்து ஹானிபல் ஹாம்லின், அடிமை முறையை எதிர்த்தவர். மறுதேர்தலில் அவரை விடுத்து, டென்னஸி மாநிலத்து ஆண்ட்ரூ ஜான்ஸன் நிறுத்தப்பட்டார். அவர் எதிர்க்கட்சிக்காரர், ஆயினும் தம் மாநிலம் பிரிந்து சென்றபோது தாம் மட்டும் பிரியாமல் செனட் சபையிலேயே நின்றவர். தெற்கத்தியரும் எம்முடன் உள்ளனர் என்று காட்டுதற்கு அவரைவிடப் பொருத்தமானவர் இல்லை. தேர்தல் கணக்கு சரியாகவே இருந்தது, லிங்கன் வென்றார்.

1865 மார்ச் 4-இல் பதவியேற்பு. நோயுற்றிருந்த ஜான்ஸன் மது அருந்திவிட்டு வந்து, சபையினர் நாணும்படி உளறினார். ஆறு வாரங்களில் லிங்கன் சுடப்பட்டார். அப்போதுதான் விடுதலை பெற்றிருந்த நாற்பது இலட்சம் கறுப்பின மக்களின் தலைவிதி இந்த மனிதர் கையில் வந்து விழுந்தது. அவர்களுக்குக் குடியுரிமை வழங்கிய 1866-ஆம் ஆண்டுச் சட்டத்தை அவர் மறுத்துத் திருப்பி அனுப்பினார். காங்கிரஸ் அதையும் மீறித்தான் நிறைவேற்ற வேண்டியதாயிற்று. விடுதலையானோர் உழுதுகொண்டிருந்த நிலங்களைப் பழைய முதலாளிகளுக்கே மீட்டுக் கொடுத்தார். 1868-இல் அவர்மீது கண்டனத் தீர்மானம் வந்து, செனட் சபையில் ஒரே ஒரு வாக்குக் குறைவால் தப்பினார். தேர்தலில் சில வாக்குகள் சேர்க்க அழைத்து வரப்பட்டவர், எவருக்காகப் போர் நடந்ததோ அவர்களின் உரிமைகளுக்கே குறுக்கே நின்றார்.

இதனினும் வியப்பானது 1944-ஆம் ஆண்டு நிகழ்ச்சி. அதைச் சற்று விரித்தே சொல்ல வேண்டும்.

பிராங்க்ளின் ரூஸ்வெல்ட் நான்காம் முறையாக நிற்கவிருந்தார். அவ்வாண்டு மார்ச்சில் இதய மருத்துவர் ஒருவர் அவரைச் சோதித்து, உயர்ந்த இரத்த அழுத்தமும் இதயச் செயலிழப்பும் இருப்பதைக் கண்டார். மக்களுக்கு இது தெரிவிக்கப்படவில்லை. ஆனால் ஜனநாயகக் கட்சியின் பெரும்புள்ளிகளுக்குக் கண் இருந்தது. முகத்தைப் பார்த்தாலே போதும், இவர் இன்னும் நான்காண்டு இருக்கமாட்டார் என்று அவர்கள் உணர்ந்தனர். எனவே துணை அதிபரைத் தேர்வது அடுத்த அதிபரைத் தேர்வதே என்பது அவர்களுக்கு ஐயமற விளங்கியது. அப்போதைய துணை அதிபர் ஹென்றி வாலஸ். தொழிலாளரும் முற்போக்காளரும் அவரை விரும்பினர். தென் மாநிலத்தாரும் கட்சித் தரகர்களும் வெறுத்தனர்.

ஜூலை 11 இரவு வெள்ளை மாளிகையில் ஒரு விருந்து. கட்சித் தலைவர் ராபர்ட் ஹன்னகன், சிகாகோ மேயர் கெல்லி முதலானோர் அதிபரைச் சுற்றி அமர்ந்து ஒவ்வொரு பெயராகக் கழித்தனர். இறுதியில் நின்றது மிசௌரி மாநிலத்துச் செனட்டர் ஹாரி ட்ரூமன். அவரைப் பற்றிப் பெரிதாகச் சொல்ல ஒன்றுமில்லை என்பதே அவருக்குப் பெரிய தகுதியாயிற்று. யாருக்கும் அவர்மீது பகையில்லை! ஆனால் ரூஸ்வெல்ட் அதை யாரிடமும் நேராகச் சொல்லவில்லை. தாம் மாநாட்டுப் பிரதிநிதியாக இருந்தால் வாலஸுக்கே வாக்களிப்பேன் என்று ஒரு கடிதம் எழுதிக் கொடுத்தார். ட்ரூமனோ நீதிபதி டக்ளஸோ வந்தால் மகிழ்வேன் என்று ஹன்னகனிடம் இன்னொரு கடிதம் கொடுத்தார். ஜேம்ஸ் பைர்ன்ஸ் என்பாரையும் நிற்குமாறு ஊக்கினார். அந்த பைர்ன்ஸை முன்மொழிவதாக ஒப்புக்கொண்டு சிகாகோ மாநாட்டுக்கு வந்தவரே ட்ரூமன் என்றால் நம்புவீர்களா? எல்லோரையும் மகிழ்விக்க விரும்பும் தலைவர் எல்லோரையும் ஏமாற்றுகிறார் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை.

ஜூலை 20 இரவு மாநாட்டு மண்டபம் வாலஸின் பெயரால் அதிர்ந்தது. அன்றே வாக்கெடுத்திருந்தால் அவர் வென்றிருக்கக்கூடும். தலைமை வகித்தவர் அவசரமாகக் கூட்டத்தை ஒத்திவைத்தார். ட்ரூமன் முன்னதாகத் தயங்கிக்கொண்டிருந்தார். தொலைபேசியில் ரூஸ்வெல்ட்டின் குரலைக் கேட்கச் செய்தனர்: போர் நடுவே கட்சியை உடைக்க விரும்பினால் அது அவர் பொறுப்பு என்பது அக்குரலின் சாரம். ட்ரூமன் இணங்கினார். மறுநாள் முதற்சுற்றில் வாலஸே முந்தினார். இரண்டாம் சுற்றில் பேரங்கள் பலித்து ட்ரூமன் வென்றார்.

ஆகஸ்டில் இருவரும் வெள்ளை மாளிகைத் தோட்டத்தில் உணவருந்தினர். தேநீரில் பாலேட்டை ஊற்றிய அதிபரின் கை நடுங்கி, கோப்பையைவிடச் சாசரிலேயே அதிகம் சிந்தியதை ட்ரூமன் கண்டார். கண்டும், ஆட்சி இரகசியம் எதுவும் அவருக்குச் சொல்லப்படவில்லை, அவரும் கேட்கவில்லை. 1945 ஜனவரி 20-இல் துணை அதிபரானார். 82-ஆம் நாள், ஏப்ரல் 12-இல், ரூஸ்வெல்ட் மறைந்தார். அன்று மாலை உறுதிமொழி எடுத்த பின்னரே போர் அமைச்சர் ஸ்டிம்ஸன், பேரழிவாற்றல் வாய்ந்த ஓர் ஆயுதம் உருவாகி வருகிறது என்று அவர் காதில் போட்டார். முழு விவரமும் ஏப்ரல் 25-இல்தான் தெரிந்தது. ஆகஸ்ட் 6-இல் ஹிரோஷிமா எரிந்தது.

1948 மே 14-இல் இஸ்ரேல் அறிவிக்கப்பட்ட பதினொரு நிமிடத்தில் அதனை அங்கீகரித்தவரும் இதே ட்ரூமன்தான். வெளியுறவு அமைச்சர் மார்ஷல் கடுமையாக எதிர்த்தும் கேளாமல். வாலஸ் வந்திருந்தால் பாலஸ்தீன மக்களுக்கு நன்மை விளைந்திருக்கும் என்று எவரேனும் சொன்னால் நம்பிவிடாதீர்கள். 1948 தேர்தலில் தனிக்கட்சி கண்டு நின்ற வாலஸும் இஸ்ரேலை உரத்த குரலில் ஆதரித்தவரே. தனி ஒருவரை மாற்றினால் வரலாறு நம் விருப்பம்போல் திரும்பிவிடும் என்று எண்ணுவது எளிது. நான் சொல்ல வருவது அதுவன்று. அணுகுண்டை வீசுவதா என்று முடிவெடுக்கப் போகிறவரை, அப்படி ஒன்று இருப்பதையே சொல்லாமல், பகையில்லாதவர் என்ற ஒரே தகுதியால் தேர்ந்தெடுத்தார்களே, அதைத்தான் சொல்கிறேன்.

கணக்குப் பார்த்துத் தேர்ந்ததெல்லாம் கேடாகவே முடிந்ததா என்றால், இல்லை. 1960-இல் ஜான் கென்னடி, தம்மோடு போட்டியிட்டுத் தோற்ற லிண்டன் ஜான்ஸனை அழைத்தார். தம்பி ராபர்ட் கென்னடிக்கு அது அறவே பிடிக்கவில்லை. டெக்ஸாஸின் 24 தேர்வாளர் வாக்குகளே குறி. ஏறத்தாழ 46,000 வாக்கு வேறுபாட்டில் அம்மாநிலம் கிடைத்தது. 1963-இல் கென்னடி கொல்லப்பட்ட பின், தெற்கத்தியரான அதே ஜான்ஸன்தான் 1964-இல் குடியுரிமைச் சட்டத்தையும், 1965-இல் கறுப்பின மக்களின் வாக்குரிமையைக் காத்த சட்டத்தையும் நிறைவேற்றினார். நூறாண்டுக்கு முன் ஒரு ஜான்ஸன் மறுத்ததை மற்றொரு ஜான்ஸன் வழங்கினார். வியட்நாமில் படையைக் குவித்தவரும் அவரே.

1972-இல் ஜார்ஜ் மக்கவர்ன், பலர் மறுத்த பின், மாநாட்டின் கடைசி நாளில் செனட்டர் தாமஸ் ஈகிள்டனைத் தொலைபேசியில் கேட்டு முடித்துவிட்டார். அவர் மனச்சோர்வுக்காக மும்முறை மருத்துவமனையில் தங்கி, மின்னதிர்ச்சிச் சிகிச்சையும் பெற்றவர் என்பது பின்னர் வெளிவந்தது. பதினெட்டே நாளில் விலக நேர்ந்தது. நோய் ஒருவரின் குற்றமன்று. ஈகிள்டன் 1987 வரை செனட் சபையில் நன்றாகவே பணியாற்றினார். கேட்க வேண்டியதைக் கேட்காமல் நாட்டையே ஒப்படைக்கத் துணிந்ததே குற்றம்.

அதன் பிறகே தேடலில் நிதானம் வந்தது. 1976-இல் ஜிம்மி கார்ட்டர் தகுதியானவர்களைத் தம் ஊருக்கே வரவழைத்து நெடுநேரம் உரையாடி வால்டர் மாண்டேலைத் தேர்ந்தார். வென்றபின் அவருக்கு வெள்ளை மாளிகையின் மேற்குப் பகுதியில், தமக்கு அருகிலேயே அலுவலகமும் கொடுத்தார். இன்று வழக்கறிஞர் குழு அமர்ந்து வரிக்கணக்கு, நோய், கடன், பழைய பேச்சு அனைத்தையும் துருவுகிறது. துருவுவோரைத் துருவ யாருமில்லை என்பது வேறு கதை. 2000-இல் புஷ்ஷுக்காகத் துணை தேடும் பொறுப்பை ஏற்ற டிக் செனி, தேடி முடித்தபோது தாமே துணையாகிவிட்டார்! இருவரும் டெக்ஸாஸ்வாசிகள். ஒரு மாநிலத் தேர்வாளர்கள் தம் மாநிலத்தவர் இருவருக்கும் வாக்களிக்கக் கூடாது என்பது சட்டம். ஆகவே செனி விரைந்து தம் வாக்காளர் பதிவை வயோமிங்குக்கு மாற்றிக்கொண்டார். 270 வேண்டிய இடத்தில் அவர்கள் பெற்றது 271. அதில் டெக்ஸாஸ் மட்டும் 32.

நம் தமிழகத்தின் பெயரும் இந்த நாற்காலியோடு ஒருமுறை இணைந்தது. 2020-இல் ஜோ பைடன் தேர்ந்த கமலா ஹாரிஸின் தாய் சியாமளா கோபாலன் சென்னையிலிருந்து சென்றவர். தாய்வழிப் பாட்டனாரின் பூர்விகம் மன்னார்குடியை அடுத்த துளசேந்திரபுரம். முந்தைய ஆண்டு விவாத மேடையில் பைடனையே காரசாரமாகச் சாடியவர் ஹாரிஸ். அதைப் பொறுத்து அவரை அழைத்ததைப் பைடனின் பெருந்தன்மை என்பார் உண்டு, கணக்கு என்பாரும் உண்டு. இரண்டும் ஒரு நெஞ்சில் இருக்கக் கூடாதா என்ன? 2024 ஜூலை 21-இல் பைடன் விலகியபோது, மறைவோ பதவி துறப்போ இல்லாமலேயே துணை அதிபர் முன்னிலைக்கு வந்தார். உடனே அவரும் துணை தேட வேண்டியதாயிற்று. பென்சில்வேனியா ஆளுநர் ஷாபிரோவா, மின்னசோட்டா ஆளுநர் டிம் வால்ஸா என்ற ஆய்வு நடந்தது. (அங்கே ஆளுநர் என்றால் நம் முதலமைச்சர் போன்றவர்.) பதினாறே நாளில், ஆகஸ்ட் 6-இல் வால்ஸ் அறிவிக்கப்பட்டார். நவம்பரில் பென்சில்வேனியாவும் போயிற்று, தேர்தலும் போயிற்று. ஷாபிரோ வந்திருந்தால் வென்றிருக்கலாம் என்று சிலர் கைவிரலை எண்ணினர். துணை வேட்பாளரால் அவர் சொந்த மாநிலத்தில் கிடைக்கும் ஆதாயம் மிகச் சிறிதே என்பது அரசியல் ஆய்வாளர் பலரின் கணிப்பு. அப்படியானால், கிடைக்காத வாக்குக்காகவே இத்தனை கணக்கும்!

எதிரணியில் டொனால்ட் டிரம்ப், தம் கட்சி மாநாட்டின் முதல் நாளான ஜூலை 15-இல் ஒஹாயோ செனட்டர் ஜே.டி.வான்ஸை அறிவித்தார். முந்தைய முறை அவருக்குத் துணையாயிருந்த மைக் பென்ஸ், 2021 ஜனவரி 6-இல் தேர்வாளர் வாக்குகளை எண்ணும் அவைக்குத் தலைமை தாங்கி, டிரம்பின் நெருக்குதலுக்கு இணங்காமல் பைடனின் வெற்றியை அறிவித்தவர். ஆகவே அவரை மீண்டும் அழைக்கும் பேச்சுக்கே இடமிருக்கவில்லை. 2025 ஜனவரி 20-இல் டிரம்ப் பதவியேற்றபோது அவருக்கு வயது 78. அமெரிக்க வரலாற்றில் அவரைவிட மூத்த வயதில் அதிபராகப் பதவியேற்றவர் வேறெவரும் இல்லை. அன்று பக்கத்தில் நின்று உறுதிமொழி எடுத்த வான்ஸுக்கு வயது 40. செனட் சபையில் அவர் கழித்திருந்தது இரண்டே ஆண்டு.