இழுத்தால் ஊசிதான் உடையும்

கோலசிலாங்கூர் புக்கிட் மெலாவத்திக்குச் சுற்றுலா போகும் மாணவர்கள் முதலில் பார்ப்பது குரங்குகளைத்தான், பிறகுதான் பீரங்கிகளை. அந்தப் பீரங்கிகளில் ஒவ்வொரு முறையும் மருந்தையும் குண்டையும் வாய்வழியாகக் கையால் திணிக்க வேண்டும். அடுத்த குண்டை இயந்திரமே எடுத்துக் கொடுத்தால் என்ன? 1860இல் அமெரிக்கரான பெஞ்சமின் டைலர் ஹென்றி இதற்கு ஒரு வழி கண்டு காப்புரிமை பெற்றார். அதுதான் நெம்புகோல் துப்பாக்கி.

சுடும் குழலுக்குக் கீழே இன்னொரு குழாய். அதற்குள் தோட்டாக்கள் வரிசையாகக் கிடக்கும். ஒரு சுருள்வில் அவற்றைப் பின்னோக்கித் தள்ளிக்கொண்டே இருக்கும். நெம்புகோலை இறக்கினால் ஒரு கட்டை ஒரே ஒரு தோட்டாவை மேலே தூக்கும். நெம்புகோலை மூடினால் தோட்டா உள்ளே போகும்.

இதன் வழிவந்த 1873ஆம் ஆண்டு வின்செஸ்டரில் ஒரு வேடிக்கையான கோளாறு உண்டு. நெம்புகோல் பாதியில் நின்றுவிடும். சுருள்வில் தளர்ந்திருக்கலாம், அழுக்கு சேர்ந்திருக்கலாம். ஆனால் இரண்டும் சரியாக இருந்தும் நிற்பதுண்டு. அந்தக் கட்டை ஒரு தோட்டாவின் நீளத்துக்கு அளந்து செய்யப்பட்டது. தோட்டா கொஞ்சம் குட்டையாக இருந்தால், அடுத்துக் காத்திருப்பதன் விளிம்பு கட்டைக்குள் நுழைந்துவிடும். இரண்டுக்கும் இடையில் மாட்டிய கட்டை எப்படி எழும்பும்? துப்பாக்கியில் பழுதே இல்லை. தோட்டாவின் அளவுதான் தவறு. முரட்டுத்தனமாக இழுப்பவர் நல்ல இரும்பை உடைப்பார்.

இதை நீங்கள் திறந்து பார்க்க முடியாது, பார்க்கவும் கூடாது. நம் நாட்டில் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டமும் 1971ஆம் ஆண்டுச் சட்டமும் மிகக் கடுமையானவை. ஆனால் இதே வகைக் கோளாறு உங்கள் பாட்டி வீட்டிலேயே இருக்கலாம். மிதியோடு கூடிய கறுப்புத் தையல் இயந்திரத்தைச் சொல்கிறேன்.

ஜெராம், ஈஜோக், புக்கிட் ரோத்தான், பத்தாங் பெர்ஜுந்தை (2007 முதல் பெஸ்தாரி ஜெயா) வட்டாரத் தோட்டங்களிலிருந்து தாமான்களுக்குக் குடிபெயர்ந்த குடும்பங்களில், அந்த இயந்திரம் பழைய இரும்புக்காரரிடம் கிலோ கணக்கில் போய்விடுகிறது. காரணம் கேட்டால், "துணி நகரவில்லை" என்பார்கள்.

துணியை நகர்த்துவது ஊசிக்குக் கீழேயுள்ள சிறு பற்கள். அமெரிக்கரான ஆலன் வில்சன் 1854இல் காப்புரிமை பெற்ற ஏற்பாடு இது. பற்கள் எழும்பும், துணியைப் பின்னால் தள்ளும், இறங்கும், முன்னால் திரும்பும். ஊசி துணிக்குள் இருக்கும்போது துணி நகராது. பலர் செய்வதுபோல் துணியைக் கையால் இழுத்தால் ஊசி வளைந்து, தகட்டில் மோதி உடையும்.

பெரும்பாலும் பழுது மிகச் சிறியது. பற்களுக்கு இடையில் பல வருடப் பஞ்சு இறுகிப்போயிருக்கும். அதனால் பற்கள் தகட்டுக்கு மேலே வருவதில்லை. தையல் நீளத்தைக் கூட்டிக் குறைக்கும் திருகு பூச்சியத்தில் நிற்கலாம். துணியை அழுத்தும் பாதம் தளர்ந்திருக்கலாம். பழைய எண்ணெய் பிசினாகியிருந்தால் துளி மண்ணெண்ணெய் கரைத்துவிடும். பிறகு தையல் எண்ணெய் விடுங்கள், சமையல் எண்ணெய் வேண்டாம்!

ஆர்.பி.டி. பாடத்தில் புதுப்பொருளை வடிவமைக்கக் கற்கிறீர்கள். நல்லதுதான். ஆனால் பழுதான பழைய இயந்திரம் ஒன்றைத் திறந்து காரணம் தேடுவதற்கும் பள்ளியில் சில வாரங்கள் ஒதுக்க வேண்டும் என்பேன். புது மின்சார இயந்திரம் மலிவாகக் கிடைக்கிறதே என்பார்கள். கிடைக்கிறது, ஆனால் அதன் மூடிக்குள் நடப்பது கண்ணுக்குத் தெரியாது. பாட்டியின் இயந்திரத்திலோ ஒவ்வொரு அசைவும் வெளிச்சத்தில் நடக்கிறது.

அடுத்த விடுமுறையில் பாட்டியிடம் அனுமதி கேளுங்கள். மிதியிலிருந்து காலை எடுத்துவிட்டு, ஊசியைக் கழற்றி, தகட்டின் திருகை அவிழ்த்து, பஞ்சைத் தூரிகையால் எடுங்கள். பிறகு தகட்டைப் பொருத்தி, பழைய ஊசி ஒன்றை மாட்டி, நூல் கோக்காமல் ஒரு தாளை வையுங்கள். கைச்சக்கரத்தின் மேற்பகுதி உங்களை நோக்கி வரும்படி மெல்லச் சுற்றுங்கள். தாளில் பத்துத் துளைகள் விழுந்ததும், முதல் துளைக்கும் கடைசித் துளைக்கும் உள்ள தூரத்தை அளந்து ஒன்பதால் வகுத்தால் ஒரு தையலின் நீளம் கிடைக்கும். பத்தால் வகுத்துவிடாதீர்கள், பத்துத் துளைகளுக்கு இடைவெளி ஒன்பதுதான்.