நூல் விலை ஏறினால் யார் கதவைத் தட்டுவது?

காதர்பேட்டையில் பனியன் கடை வைத்திருக்கும் ஒரு தம்பி கேட்டார்: "ஹஜ்ரத், மாநில சுயாட்சி எல்லாம் மேடைப் பேச்சு. வியாபாரிக்கு அதனால் என்ன?" அவருக்குச் சொன்னதை உங்களுக்கும் சொல்கிறேன்.

2022 மே மாதம் நினைவிருக்கிறதா? நூல் விலை ஏற்றத்தைக் கண்டித்து 16, 17 தேதிகளில் திருப்பூர் கதவடைத்தது. பீஸ்ரேட்டுத் தொழிலாளி வீட்டில் இரண்டு நாள் கூலி இல்லை. முதலமைச்சர் என்ன செய்தார்? பிரதமருக்குக் கடிதம் எழுதினார். அவரால் முடிந்தது அதுதான்! பஞ்சுக்கு இறக்குமதி வரி 2021 பட்ஜெட்டில் வந்தது. 2022 ஏப்ரலில் தற்காலிகமாக நீக்கினார்கள். மீண்டும் போட்டார்கள். 2025 ஆகஸ்டில் அமெரிக்கா 50 சதவீத வரி விதித்தபோது மறுபடி நீக்கினார்கள். போட்டதும் டெல்லி, எடுத்ததும் டெல்லி. அரசியல் சட்டத்தின் ஏழாவது அட்டவணையில் சுங்கவரியும் வெளிநாட்டு வர்த்தகமும் மத்தியப் பட்டியலில் இருக்கின்றன. போலீஸ், தண்ணீர் என்றால் கோட்டையைக் கேட்கலாம். பஞ்சு விஷயத்தில் கோட்டையே மனுதாரர்!

"ஜி.எஸ்.டி. கவுன்சிலில் மாநிலங்கள் உட்காருகின்றனவே?" என்பீர்கள். சரி, கணக்குப் போடுங்கள். ஓட்டில் மத்திய அரசுக்கு மூன்றில் ஒரு பங்கு, எல்லா மாநிலங்களுக்கும் சேர்த்து மூன்றில் இரண்டு. தீர்மானம் நிறைவேற நான்கில் மூன்று வேண்டும். எல்லா மாநிலங்களும் ஒரே பக்கம் நின்றாலும் டெல்லி தலையாட்டாமல் ஒரு பைசா குறையாது.

நியாயத்தையும் சொல்ல வேண்டும். டெல்லியும் அங்கே தனியாக எதையும் நிறைவேற்ற முடியாது. ஜவுளிக்கு 5 சதவீதத்தை 12 ஆக்கும் முடிவு 2022 ஜனவரி 1 முதல் வரவிருந்தது. தமிழ்நாடு எதிர்த்தது, குஜராத்தும் தள்ளிவைக்கக் கேட்டது. முந்தைய நாள், டிசம்பர் 31 அன்று, தள்ளிவைத்தார்கள். பங்கு குறைவானாலும் உட்கார நாற்காலி இருந்ததால் நடந்தது இது. பஞ்சு வரிக்கு அந்த நாற்காலியும் இல்லை!

மாநிலத்துக்கு ஒரு சுங்கச்சாவடி வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. துறைமுகம் எதுவானாலும் நாடு முழுவதும் ஒரே சுங்கவரி இருப்பதுதான் முறை. ஆனால் வரி போடுமுன் நூற்கிற, நெய்கிற மாநிலங்களைக் கலந்தாக வேண்டும் என்று சட்டமிருந்தால் என்ன கெட்டுவிடும்? 1969-இல் கலைஞர் அமைத்த ராஜமன்னார் குழு 1971-இல் அறிக்கை தந்தது. 2025 ஏப்ரலில் குரியன் ஜோசப் தலைமையில் தமிழக அரசு இன்னொரு குழு அமைத்தது. அரை நூற்றாண்டுக்குப் பிறகும் குழு போடும் நிலையில்தான் இருக்கிறோம்.

அடுத்த முறை எம்.பி. ஓட்டுக் கேட்டுக் காதர்பேட்டைக்கு வந்தால் தெருவிளக்கைப் பற்றிக் கேட்காதீர்கள், அது கவுன்சிலர் வேலை. பஞ்சு வரிக்காக அவையில் எத்தனை முறை எழுந்து நின்றார் என்று கேளுங்கள்.