வசதியான மாநிலத்தில் ஓர் ஏழை மலை

கல்வராயன் மலை மரவள்ளி விவசாயிகளுக்கு இந்தக் கணக்கு நன்றாகத் தெரியும். பிடுங்கிய இரண்டு, மூன்று நாளில் கிழங்கின் உள்ளே நீலக்கோடு ஓடத் தொடங்கும், மாவுச்சத்தும் குறையும். ஆத்தூர், சேலம் பக்கத்துச் சேகோ ஆலைகளோ மாவுச்சத்துப் பாயிண்ட்டைப் பார்த்துத்தான் விலை போடுகின்றன. லாரி நிற்கும் இடம் வரை தலைச்சுமையாகக் கொண்டுபோனால் சுமைகூலியும் நஷ்டம், பாயிண்ட்டும் நஷ்டம். உரம்போலச் சாலையும் ஓர் இடுபொருள்தான்.

அந்தச் சாலைக்குப் பணம் எப்படி வருகிறது? 2000இல் தொடங்கிய பிரதமர் கிராமச் சாலைத் திட்டத்தின் செலவை முதலில் மத்திய அரசே ஏற்றது. 2015-16 முதல் மத்திய அரசு 60, மாநிலம் 40 சதவீதம் என மாறியது. வடகிழக்கு, இமயமலை மாநிலங்களுக்கு 90:10. 2024 செப்டம்பரில் ஒப்புதல் பெற்ற நான்காம் கட்டத்தில், 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி சமவெளியில் 500 பேர் உள்ள குடியிருப்புக்குச் சாலை உண்டு. மலை மாநிலங்கள், அரசியல் சட்டத்தின் ஐந்தாவது அட்டவணையில் உள்ள பழங்குடிப் பகுதிகள் முதலியவற்றில் 250 பேர் போதும்.

சிக்கல் இங்கேதான். 90:10 சலுகை மாநிலத்தைப் பார்க்கிறது, மலையைப் பார்ப்பதில்லை. தமிழகம் மலை மாநிலம் அல்ல. ஐந்தாவது அட்டவணைப் பகுதியும் இங்கு இல்லை. 100 பேர் உள்ள ஊருக்கும் சாலை தரும் ஜன்மன் திட்டம் தோடர், இருளர் உள்ளிட்ட குழுக்களுக்கானது. மலையாளி பழங்குடியினர் அதில் இல்லை. தடுப்புச்சுவர், சிறுபாலம் என்று மலைச்சாலைக்குச் செலவு கூடுதல். சிதறிய குக்கிராமங்களில் தலைக்கணக்கோ குறைவு.

வருவாய் உள்ள மாநிலம் கூடுதல் பங்கு தரட்டும், அது நியாயமே. ஆனால் வறுமையை ஒன்றிய அளவில் அளந்து பங்கை முடிவு செய்வதே சரி.

அதுவரை நம் கையில் ஒரு வழி உண்டு. 2006 வன உரிமைச் சட்டத்தின் 3(2) பிரிவுப்படி, கிராம சபை பரிந்துரைத்தால், ஒரு ஹெக்டேருக்கும் குறைவான வனநிலத்தைச் சாலைக்கு ஒதுக்கலாம். வெட்டும் மரங்கள் ஹெக்டேருக்கு 75ஐத் தாண்டக் கூடாது. விரிவாக்கப் பணியாளர்கள் ஊர்வாரியாகச் சாகுபடிப் பரப்பு, விளைச்சல், சுமைதூரம் ஆகியவற்றைக் கணக்கெடுத்து, அடுத்த கிராம சபைத் தீர்மானத்துடன் இணைக்க உதவ வேண்டும். தலைக்கணக்கில் தோற்கும் ஊர், விளைச்சல் கணக்கையாவது முன்வைக்கட்டும்.