மரத்தடிப் புல் வெற்றிடமா?

சேலம் நகரின் வடபால் நீலத்திரை விரித்தாற்போல் நிற்கும் சேர்வராயன் மலையை வகுப்பறைச் சாளரத்தின் வழியே நாள்தோறும் காண்கிறோம். சென்ற ஆண்டு ஜூலைத் திங்களில், வனமகோத்சவத்தையொட்டி, அம்மலைச் சரிவொன்றில் மரக்கன்று நடச் சென்றோம். அங்கே நெல்லியும் கடுக்காயும் வேங்கையும் தள்ளித் தள்ளி நின்றன. இடையெல்லாம் முழங்காலளவு புல். "வெற்றிடம்" என்று எண்ணிப் புல்லைப் பெயர்த்துக் குழி தோண்டினோம், சில்வர் ஓக் கன்றுகளை நட்டோம், புகைப்படமும் எடுத்துக்கொண்டோம்.

அவ்வழியே வந்த மலைவாழ் மூதாட்டி ஒருவர், "ஏங் கண்ணு, புல்லை எதுக்குப் பேக்கறீங்க? நெல்லிக்கு நெழலு ஆவாதே" என்றார். நாங்கள் சிரித்தோம். இப்போது எண்ணினால் வெட்கமாயிருக்கிறது.

பின்னர் நூலகத்தில் தேடியபோதுதான் அவர் சொன்னது விளங்கிற்று. இத்தகைய மரங்கள் கோடையில் இலையுதிர்ப்பவை. வெயில் தரைவரை இறங்குவதால் புல் செழிக்கிறது. நெல்லிக் கன்றும் அந்த வெயிலில்தான் வளரும். புல்லின் குருத்து மண்ணையொட்டி இருப்பதால் மாடு மேய்ந்தாலும், கோடைத்தீ மேலே ஓடினாலும் மீண்டும் துளிர்க்கிறது. வேரோ சரிவின் மண்ணைப் பிடித்து நிற்கிறது. திருமணிமுத்தாறு பிறப்பது இம்மலையில் என்பதை நாமக்கல் தோழியரும் நினைவிற் கொள்ளவேண்டும். அங்கே கரையும் மண் அவர்கள் பக்கத்து ஆற்றில்தான் இறங்கும்.

பெங்களூர் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைச் சேர்ந்த ஜெயஸ்ரீ ரத்னம், மகேஷ் சங்கரன் ஆகியோர் பிறநாட்டு அறிஞருடன் 2011-இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். மரங்கள் எத்தனை நெருக்கமாய் நிற்கின்றன என்பதை மட்டும் வைத்து ஓரிடத்தை மதிப்பிடாதீர்கள். அடியில் வெயில் விரும்பும் புல் உண்டா என்று பாருங்கள் என்பது அதன் சாரம். புல் இருந்தால் அது சீரழிந்த காடன்று; தனக்கென இயல்புடைய புல்வெளிக் காடு.

அமெரிக்க மலைகளிலும் இதற்கோர் உறவு உண்டு. ஆஸ்பென் மரத்தின் மெல்லிய இலைகளும் வெயிலைக் கீழே விடுகின்றன. அடியில் புல்லும் பூண்டும் வளர்கின்றன. யூட்டா மாநிலத்தில் சுமார் 43 ஹெக்டேர் பரப்பில், ஏறத்தாழ 47,000 தண்டுகளுடன் நிற்கும் பாண்டோ என்னும் ஆஸ்பென் காடு முழுவதும் ஒரே வேரிலிருந்து எழுந்ததாம்! மேலே பார்த்தால் அழகான காடு. ஆனால் வேரிலிருந்து கிளம்பும் இளந்தளிரை மான்களும் மாடுகளும் தின்றுவிடுவதால் அது மூப்படைந்து வருகிறது. நம் சந்தனமும் ஈட்டியும்கூட வேரிலிருந்து துளிர்ப்பவையே. காட்டின் நலத்தை அண்ணாந்து பார்த்து அறியமுடியாது, குனியவேண்டும்.

நம் மலையில் குனிந்தால் தெரிவது உண்ணிச்செடி. அமெரிக்கக் கண்டத்திலிருந்து அழகுச்செடியாய் வந்தது, இன்று புதராய் மண்டிப் புல்லை நெரிக்கிறது. புல்லில் தாழ்வாய் ஓடும் தீ, இப்புதரில் பற்றினால் மரக்கிளை வரை ஏறுகிறது.

"மரம் நடுவதையே குறைசொல்கிறீர்களா?" எனத் தோழியர் சிலர் கேட்டனர். இல்லை. காப்பித் தோட்டத்தில் நிழலுக்கும் மிளகுக்கொடிக்கும் சில்வர் ஓக் உதவுகிறது, அங்கே நிற்கட்டும். வேம்பும் புங்கமும் வேண்டியது வெயிலில் கொதிக்கும் நம் நகரத் தெருக்களுக்கும், நிழலற்ற நம் விளையாட்டுத் திடலுக்கும். ஐந்து ரோடு சந்திப்பில் நண்பகலில் பேருந்துக்குக் காத்து நின்றவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

ஆகவே இவ்வாண்டு கன்றுகளை ஊரிலேயே நடுவோம். மலைக்குச் சென்றால் உரிமையாளரின் இசைவோடு உண்ணிச்செடியை வேரோடு களைவோம் என்று தலைமைச் சகோதரியிடம் விண்ணப்பித்துள்ளோம். புகைப்படத்துக்கு அது அத்தனை அழகாயிராது. கையெல்லாம் முள் கீறும். காய் பழுக்குமுன் செய்யவேண்டிய வேலை அது. நாற்பது இணை கையுறைகளும் எட்டு மண்வெட்டிகளும் தேவைப்படுகின்றன. நாங்கள் நட்ட சில்வர் ஓக் கன்றுகளில் பதினொன்று உயிரோடிருக்கின்றன. அவற்றைத் தோட்டத்துக்குப் பெயர்த்து நடலாமா என்று அந்த மூதாட்டியிடமே கேட்கவிருக்கிறோம்.