குண்டு ஒண்ணுதான், இழப்பீடு மட்டும் இடத்துக்கு இடம் வேறயா?

நண்பர்களே, ஒரு கணக்கு சொல்றேன். பொறுமையா படிங்க.

சேலம் ஜங்ஷன் பிளாட்பாரத்தில் டிக்கெட்டோடு நிற்கும் ஒருத்தர் பயங்கரவாதி வைத்த குண்டில் இறந்தால், ரயில்வே சட்டம் 124ஏ பிரிவுப்படி அவர் குடும்பத்துக்கு 8 லட்சம் ரூபாய். ரயில்வே மேல தப்பு இருக்குன்னு நிரூபிக்கக்கூட வேண்டாம். அது சட்டம் தந்த உரிமை.

அதே மனுஷன் டவுன் பஸ் பிடிச்சு புது பஸ் ஸ்டாண்டுக்கு வந்து, அங்கே குண்டு வெடிச்சு இறந்தால்? மத்திய உள்துறையின் உதவித் திட்டத்தில் 5 லட்சம். 2016 வரைக்கும் அது 3 லட்சம்தான். மேற்கொண்டு கிடைக்கிறதெல்லாம் அன்னைக்கு ஆட்சியில் இருக்கிறவங்க மனசைப் பொறுத்தது.

2025 ஏப்ரல் 22, பஹல்காம் ஞாபகம் இருக்கா? 26 பேரைச் சுட்டுக் கொன்றார்கள். ஜம்மு காஷ்மீர் அரசு குடும்பத்துக்கு 10 லட்சம் அறிவித்தது. மகாராஷ்டிரா தன் மாநிலத்தவர் குடும்பங்களுக்குத் தனியாக 50 லட்சம் அறிவித்தது. கொடுத்ததை நாம குறை சொல்லலை, கொடுக்கட்டும். ஆனா ஒரே புல்வெளியில், ஒரே நாளில் இறந்தவங்களுக்கு ஆதார் கார்டில் இருக்கிற ஊரைப் பார்த்துத் தொகை மாறுவது நியாயமாங்க?

செத்தவங்க கதை இப்படின்னா, காயம்பட்டவங்க கதை இன்னும் மோசம். இதைப் பத்தி யாரும் பேசறதே இல்லை. மத்திய திட்டத்தில் பணம் வரணும்னா நிரந்தர ஊனம் 50 சதவீதமோ அதுக்கு மேலயோ இருக்கணும். நம்ம நாமக்கல், சங்ககிரி லாரி டிரைவர் ஒருத்தரை நினைச்சுப் பாருங்க. அஸ்ஸாம், சத்தீஸ்கர், காஷ்மீர்னு லோடு ஏத்திட்டுப் போறவர். குண்டுச் சிதறல் பட்டு ஒரு கண் போச்சு, இன்னொரு கண் நல்லா இருக்கு. அரசு அளவுகோலில் அது 30 சதவீத ஊனம். திட்டத்தில் ஒரு பைசா கிடையாது. ஆனா அவர் திரும்ப லாரி ஓட்ட முடியுமா? வண்டிக்கு டியூ யார் கட்டுவாங்க? சதவீதம் போடுற டாக்டர் கண்ணைத்தான் அளக்கிறார், பிழைப்பை அளக்க அந்த ஃபார்மில் கட்டமே இல்லை.

அடுத்தது தேதி. இந்தத் திட்டம் 2008 ஏப்ரல் 1-க்குப் பிறகு நடந்த சம்பவங்களுக்குத்தான். 1998 பிப்ரவரி 14, கோவை. 58 பேர் இறந்தார்கள், 200-க்கும் மேற்பட்டோர் காயம். எனக்கெல்லாம் அது பாடப்புத்தகத்துக்கு வெளியே கேட்ட கதை. ஆனா அன்னைக்குக் காலை இழந்தவர் இன்னைக்கும் அதே காலோடதான் நடக்கிறார். பத்து வருஷம் முந்தி குண்டு வெடிச்சது அவர் குத்தமா?

பிரான்ஸில் 1986-லேயே இதுக்குச் சட்டம் போட்டு தனி நிதி வச்சிட்டாங்க. அங்கே ஒவ்வொரு சொத்து இன்சூரன்ஸ் பாலிசியிலும் வருஷத்துக்குச் சில யூரோ பிடிப்பாங்க. நாடே சேர்ந்து போடுற மொய் மாதிரி. அதனால யாரும் அமைச்சர் அறிவிப்புக்காக டிவி முன்னாடி காத்திருக்க வேண்டியதில்லை. "அவ்வளவு பணம் நம்மகிட்ட ஏது?"ன்னு கேட்பாங்க. நம்ம ஊரில் எத்தனை லட்சம் வண்டிக்கு வருஷா வருஷம் இன்சூரன்ஸ் கட்டறோம்? பாலிசிக்குப் பத்து ரூபாய்னு கணக்குப் போட்டுப் பாருங்க.

நாமக்கல்லில் முட்டைக்குக்கூட அன்னன்னைக்கு விலை நிர்ணயம் நடக்குது. 2016-ல் போட்ட 5 லட்சத்தை மட்டும் விலைவாசியோடு சேர்த்து உயர்த்த ஒரு விதி எழுத முடியாதா?

கருணைத் தொகைங்கிற பேரையே முதலில் எடுக்கணும். நாடு முழுக்க ஒரே அடிப்படைத் தொகை, 50 சதவீதத்துக்குக் கீழே காயம்பட்டவங்களுக்கும் படிப்படியாக இழப்பீடு, பழைய சம்பவங்களில் ஊனமானவங்களுக்கு மாத ஓய்வூதியம். இதைச் சட்டமாகக் கேட்போம். மதக் கலவரத்தில் பாதிக்கப்பட்டவங்களும் இதே மத்திய திட்டத்தில்தான் வர்றாங்க, அது சரியான விஷயம். குண்டு வச்சவன் யார், செத்தவன் எந்தச் சாதி, எந்த மதம்னு கமெண்ட்டில் ஆரம்பிக்காதீங்க, ப்ளீஸ்.

உங்க ஏரியாவில் வெளிமாநிலத்தில் இப்படிப் பாதிக்கப்பட்ட டிரைவரோ, ரிக் வண்டித் தொழிலாளியோ இருந்தா, சம்பவம் நடந்த மாவட்டத்தின் கலெக்டரிடம்தான் மனு போகணும்னு சொல்லுங்க. எஃப்.ஐ.ஆர். நகல், மருத்துவச் சான்று ரெண்டையும் பத்திரமா வச்சிருக்கச் சொல்லுங்க. ஹிந்தியிலோ இங்கிலீஷிலோ மனு எழுதத் தெரியலைன்னா இன்பாக்ஸுக்கு வாங்க, எங்க டீம் எழுதித் தரும்.