நம் காசில் நம் படம்

முதலாளி பணம் போடுவான், தொழிலாளி டிக்கெட் வாங்குவான். சினிமா என்றால் இதுதான் வழக்கம். கேரளத்தில் சிலர் இதை மாற்றிக் காட்டினார்கள். 1984ல் டைரக்டர் ஜான் ஆபிரகாமும் நண்பர்களும் 'ஒடேசா' குழுவை அமைத்தார்கள். ஊர் ஊராகப் போய் நல்ல படங்களைத் திரையிட்டு, ஜனங்களிடம் சிறுகச் சிறுக வசூலித்தார்கள். அந்தக் காசில் பிறந்ததுதான் 1986ல் வந்த 'அம்ம அறியான்'. அதையும் வியாபாரமாக்காமல் ஊர்களில் காட்டினார்கள்.

இன்று செல்போனில் தனித்தனியே பார்க்கிறோம். தனியே பார்த்தவன் தூங்கப் போவான்; கூடிப் பார்த்தவர்கள் பேசுவார்கள், கேள்வி கேட்பார்கள்.

தோழர்களே! சங்கக் கட்டடத்தில் ஒரு வெள்ளை வேட்டியைக் கட்டுங்கள். மாதம் ஒரு மாலை, விவரணப் படமோ கதைப் படமோ போடுங்கள். களையெடுத்துத் திரும்பும் பெண்களும் பார்க்கும்படி நேரம் வையுங்கள். படம் முடிந்ததும் அரை மணி விவாதியுங்கள். செலவுக்கு நமக்குள்ளேயே துண்டேந்துவோம். மில் முதலாளியின் நன்கொடை வேண்டாம்!