தெரிஞ்ச பெடியனும் லைசன்ஸ் நம்பரும்

எங்கட ஆக்களிடம் வீட்டு வேலை என்று வாய் திறந்தால் போதும், "எனக்குத் தெரிஞ்ச ஒரு பெடியன் இருக்கிறான், காசாகக் குடுத்தால் மலிவாச் செய்து தருவான்" என்று நாலு பேர் சொல்லுவார்கள். வேலி போட, பெயின்ற் அடிக்க, குளியலறைக்கு ரைல்ஸ் பதிக்க அந்தப் பெடியனைக் கூப்பிடுங்கள், எனக்கு ஆட்சேபணை இல்லை. ரைல்ஸ் கோணினால் பார்க்க வடிவில்லை, அவ்வளவுதான். கரண்ட் வேலைக்கு மட்டும் அவனைக் கூப்பிடாதீர்கள். ஸ்காபரோவில் அறுபது எழுபது வருடப் பழைய வீடுகளில் குடியிருக்கிற என் வயதுக்காரருக்காகத்தான் இதை எழுதுகிறேன்.

இந்த வீடுகளைக் கொஞ்சம் யோசித்துப் பாருங்கள். பெரும்பாலானவை 1950களிலும் 60களிலும் கட்டிய பங்களாக்கள். கட்டினவன் நினைத்தது ஒரு குசினி, ஒரு பிரிட்ஜ், ஒரு ரேடியோ, அறைக்கு ஒரு லைற். இன்றைக்கு மேலே ஒரு குசினி, பேஸ்மன்றில் இன்னொரு குசினி. இரண்டு பிரிட்ஜ், மீன் போட ஒரு பிரீசர், கிரைண்டர், ரைஸ் குக்கர், மைக்ரோவேவ். இவ்வளவும் அதே பழைய வயரில் ஓடுகின்றன. கோடையில் வீடு பொறுத்துக்கொள்ளும். ஜனவரியில் வெளியே மைனஸ் இருபது என்றதும் கடையிலிருந்து ஒரு சின்ன ஹீற்றர் வந்து கட்டிலடியில் உட்காரும். அதுதான் ஆபத்து.

கணக்கு லேசானது. அந்த ஹீற்றர் 1500 வாற். இங்கே பிளக்கில் 120 வோல்ற். வகுத்துப் பாருங்கள், பன்னிரண்டரை அம்பியர். அறைகளுக்குப் போகிற லைன் வழமையாக 15 அம்பியர். மணிக்கணக்காக ஓடுகிற சாமானுக்கு அதில் எண்பது வீதம், அதாவது 12 அம்பியருக்கு மேல் எடுக்கக்கூடாது என்பது பொதுவான வரம்பு. ஆக ஒரு ஹீற்றரே அந்த லைனை முழுக்கப் பிடித்துவிடுகிறது. அதே லைனில் பக்கத்து அறையில் ஒருவர் கேத்தல் போட்டால் பிரேக்கர் விழும். விழுந்தால் நல்லது, அது தன் வேலையைச் செய்கிறது. விழாமல் இருக்கிற வீட்டைப் பற்றித்தான் நான் பயப்படுகிறேன்.

சில வீடுகளில் இன்னும் 60 அம்பியர் இணைப்பும், கண்ணாடி முகம் வைத்த உருண்டைப் பியூஸும் இருக்கின்றன. 15 அம்பியர் பியூஸ் அடிக்கடி எரிகிறது என்று யாரோ 30 அம்பியரை முறுக்கிவிட்டிருப்பார்கள். சாதாரண வகை என்றால் இரண்டுக்கும் வாய் ஒன்றுதான், அப்படியே பொருந்தும். அதற்குப் பிறகு பியூஸ் எரியாது. சுவருக்குள்ளே இருக்கிற மெல்லிய வயர்தான் சூடாகும்.

1960களின் நடுவிலிருந்து 70களின் கடைசிவரை கட்டிய வீடுகளுக்கு வேறு பிரச்சினை. செம்பு விலை ஏறியதால் அந்தக் காலத்தில் பல வீடுகளுக்கு அலுமினிய வயர் போட்டார்கள். வயரில் பிழையில்லை, பிழை இணைப்பில். அலுமினியம் சூட்டில் செம்பைவிடக் கூடுதலாக விரியும், ஆறினால் சுருங்கும், மேலே ஒரு படலம் பிடிக்கும். பிளக்கின் ஆணிக்குக் கீழே வருடக்கணக்காக விரிந்து சுருங்கித் தளர்ந்துபோகும். தளர்ந்த இடத்தில் சூடு வரும். பிளக்கின் முகம் மஞ்சளாகிறதா, தொட்டால் சுடுகிறதா, லைற் மினுங்குகிறதா என்று பாருங்கள். அலுமினியத்துக்கென்றே அங்கீகரித்த இணைப்பான்களும் பிளக்குகளும் இருக்கின்றன. தெரிந்தவன் அவற்றைப் போடுவான். தெரியாதவன் செம்பையும் அலுமினியத்தையும் முறுக்கிச் சாதாரண மூடி போட்டுவிட்டுப் போவான். அன்றைக்கு லைற் எரியும், நீங்களும் சந்தோஷமாகக் காசு கொடுப்பீர்கள். அவன் செய்த வேலை என்னவென்று தெரிய ஏழெட்டு வருடம் ஆகலாம்.

ரொறன்ரோ நகருக்குள்ளே 1950க்கு முந்திய வீடு வாங்கியிருக்கிற பிள்ளைகளுக்கும் ஒன்று சொல்ல வேண்டும். அவற்றில் பீங்கான் உருளைகளில் தனித்தனியாக ஓடுகிற பழைய வயர் இருக்கலாம். எர்த் கிடையாது. அந்த வயர் தன் சூட்டைச் சுற்றியுள்ள காற்றில் விட்டு ஆறும்படி அமைத்தது. இந்தக் குளிர் நாட்டில் எல்லாரும் முதலில் செய்வது, ஹீற்றிங் பில்லைக் குறைக்க அற்றிக்கில் இன்சுலேசன் ஊதுவதுதான். ஆறவேண்டிய வயருக்கு மேலே கம்பளி போர்த்துவது மாதிரி அது. இன்சுலேசன்காரர் வருவதற்கு முன்னர் எலக்ரீசியன் ஒருவர் மேலே ஏறிப் பார்க்க வேண்டும். இன்சூரன்ஸ் கொம்பனிகள் பலவும் இப்படியான வீட்டை மறுக்கின்றன, அல்லது பரிசோதனைக் கடிதம் கேட்கின்றன.

சரி, யாரைக் கூப்பிடுவது? ஒன்ராறியோவில் 2007இலிருந்து வீட்டுக்கு மின்வேலை ஒப்பந்தம் செய்கிறவருக்கு இ.எஸ்.ஏ. எனப்படும் மின் பாதுகாப்பு அதிகாரசபையின் ஊடாக ஒப்பந்தகாரர் லைசன்ஸ் இருக்க வேண்டும். இதில்தான் எங்கட ஆக்கள் குழம்புகிறார்கள். "அவன் லைசன்ஸ் உள்ள எலக்ரீசியன்தான், பெரிய கொம்பனியில் வேலை செய்கிறான், சனி ஞாயிறு எங்களுக்குச் செய்து தருவான்" என்பார்கள். அந்தத் தம்பி கெட்டிக்காரனாக இருக்கலாம், தொழிற்சான்றிதழும் வைத்திருக்கலாம். ஆனால் தொழில் தெரிந்தவர் என்ற சான்றிதழ் வேறு, பொதுமக்களிடம் வேலை எடுத்துச் செய்யலாம் என்ற ஒப்பந்தகாரர் லைசன்ஸ் வேறு. முதலாவது மட்டும் உள்ளவர் தன் பெயரில் உங்கள் வீட்டு வேலையை எடுக்க முடியாது. இரண்டாவது உள்ளவருக்கு ஏழு இலக்க நம்பர் இருக்கும், 70 என்று தொடங்கும். வானிலும் எஸ்டிமேற்றிலும் அதைப் போட வேண்டியது அவர் கடமை. இ.எஸ்.ஏ. இணையத்தளத்தில் சரிபார்க்கலாம். பேரப்பிள்ளையிடம் போனைக் கொடுத்தால் ஒரு நிமிட வேலை.

உங்கள் சொந்த வீட்டில் நீங்களே மின்வேலை செய்யச் சட்டம் இடம் தருகிறது. அதற்கும் இ.எஸ்.ஏ.க்கு அறிவித்துப் பரிசோதனைக்கு விட வேண்டும். அந்தச் சலுகை வீட்டுக்காரருக்கு மட்டும். மருமகனின் சிநேகிதனுக்கு அது நீளாது.

லைசன்ஸ் உள்ளவர் வேலையை அறிவித்து, முடிந்ததும் சான்றிதழ் ஒன்று உங்கள் கைக்கு வரும். என்னைப் பொறுத்தவரை நீங்கள் காசு கொடுப்பதில் பாதி அந்தத் தாளுக்குத்தான். வீடு விற்கும்போது, இன்சூரன்ஸ் மாற்றும்போது, கடவுளே என்று ஒரு தீ விபத்து நடந்தால் கேள்வி கேட்கும்போது, பேசப்போவது அந்தத் தாள். "அன்ரி, பெர்மிற் எடுத்தால் வீண் செலவு, நான் சுத்தமாச் செய்து தாறன்" என்று ஒருவர் சொன்னால், தேத்தண்ணி கொடுத்து அனுப்பிவிடுங்கள்.

கேட்க வெட்கம் என்பதுதான் எங்கள் உண்மையான தடை. தெரிந்த வீட்டுப் பிள்ளை, தாயைத் தெரியும், கோயிலில் காண்கிறோம், அவனிடம் போய் நம்பர் கேட்டால் நம்பவில்லை என்று நினைப்பானே என்ற கூச்சம். "தம்பி, எஸ்டிமேற்றில உங்கட லைசன்ஸ் நம்பரையும் எழுதித் தாங்கோ, பிள்ளைகள் கேப்பினம்" என்று சொல்லிப் பாருங்கள். பழியைப் பிள்ளைகள் மேல் போடுவது எங்கள் வயதுக்குக் கிடைத்த வசதி. உண்மையான ஆள் கேட்ட மாத்திரத்தில் எழுதித் தருவார். முகம் மாறினால் உங்களுக்கு விடை கிடைத்துவிட்டது.

1990க்குப் பிறகு வருடக்கணக்காக யாழ்ப்பாணத்தில் கரண்டே இல்லாமல் ஜாம் போத்தல் விளக்கில் பிள்ளைகளைப் படிப்பித்த சனம் நாங்கள். எதையும் சமாளிப்போம் என்ற பெருமை எங்களுக்கு உண்டு, அது நியாயமான பெருமை. கரண்ட் இல்லாமல் சமாளித்த கெட்டித்தனம், கரண்டைச் சமாளிக்க உதவாது என்பதைத்தான் சிலர் விளங்கிக்கொள்வதில்லை.

செலவு கூட என்பது உண்மை. பென்சன் காசில் இருக்கிறவருக்குப் பனல் மாற்றுவது சின்னச் செலவில்லை. லைசன்ஸ் உள்ளவர்களிலும் தேவையில்லாததை விற்கிறவர்கள் இருக்கிறார்கள். 100 அம்பியர் போதுமான வீட்டுக்கு 200 போடச் சொல்லுவார்கள். "எங்கட வீட்டுப் பாவிப்பைக் கணக்குப் போட்டுக் காட்டுங்கோ" என்று கேளுங்கள், இரண்டு மூன்று எஸ்டிமேற் எடுங்கள். எல்லாவற்றையும் ஒரேயடியாகச் செய்யவும் தேவையில்லை. என் அபிப்பிராயம், அழகு வேலைகளைத் தள்ளிப்போட்டு, சுடுகிற பிளக், அலுமினிய இணைப்பு, குசினிக்குத் தனி லைன் என்று வரிசையாகச் செய்யலாம். குறைவாகச் செய்யுங்கள், அதை முறையாகச் செய்யுங்கள்.

பேஸ்மன்ற் வாடகைக்கு விடுகிறவர்களிடம் இன்னும் கொஞ்சம் கடுமையாகப் பேச எனக்கு உரிமை இருக்கிறது என்று நினைக்கிறேன். கீழே இருக்கிறவர்கள் பெரும்பாலும் படிக்க வந்த பிள்ளைகள், புதிதாக வந்த குடும்பங்கள். வெப்பத்தைக் கூட்டிக் குறைக்கிற கருவி மேலே உங்கள் ஹோலில் இருக்கிறது. நீங்கள் குறைத்து வைத்தால் அவர்கள் ஹீற்றர் வாங்குவார்கள். அது எந்த லைனில் ஓடுகிறது, அந்த லைனைப் போட்டவர் யார் என்று அவர்களுக்குத் தெரியாது. படுக்கிற அறையில் இருப்பது ஒரு சின்ன யன்னல். வாடகை வாங்குகிறவர்தான் இதற்குப் பொறுப்பு. அலாரத்தின் பற்றரியைப் பார்ப்பதோடு அந்தப் பொறுப்பு முடியாது.

2013 டிசம்பர் ஐஸ் மழையை மறந்திருக்க மாட்டீர்கள். நத்தாருக்கு முதல் ரொறன்ரோவில் ஏறக்குறைய மூன்று இலட்சம் இணைப்புகள் இருளில் போயின, சில வீடுகள் ஒரு கிழமைக்கும் மேலாகக் காத்திருந்தன. அப்போதுதான் பலருக்கு ஒரு விஷயம் தெரியவந்தது. தெருவிலிருந்து வருகிற வயர் மின்சாரக் கொம்பனியுடையது. அதை வீட்டில் தாங்கி நிற்கிற குழாய் வீட்டுக்காரருடையது. மரக்கிளை விழுந்து அந்தக் குழாய் பிடுங்கப்பட்டால், லைசன்ஸ் உள்ளவர் வந்து திருத்திப் பரிசோதனை முடியும்வரை கொம்பனி இணைப்புக் கொடுக்காது. பேர்னஸ் காஸில் ஓடினாலும் அதன் காற்றாடிக்குக் கரண்ட் வேண்டும். வீடு குளிர்ந்தால் தண்ணீர்க் குழாய் உறைந்து வெடிக்கும். அப்படியான நேரத்தில் தெரிந்த பெடியன் எதுவும் செய்ய முடியாது. அந்தப் புயலுக்குப் பிறகு ஜெனரேற்றர் வாங்கியவர்கள் அதை வெளியில், யன்னலிலிருந்து தள்ளி வையுங்கள். இரண்டு பக்கமும் பிளக் வைத்த வயரால் வீட்டுக்குள் கரண்ட் அனுப்பாதீர்கள். அது தெருவுக்கு ஏறி, லைன் திருத்துகிற மனிசனைக் கொல்லும். அதற்கென மாற்றுச் சுவிச் ஒன்றை எலக்ரீசியன் பொருத்துவார்.

குளிர் செய்கிற இன்னொரு சில்லறை வேலையும் இருக்கிறது. புட்டும் இடியப்பமும் அவிக்கிற வீட்டுக் காற்றில் ஈரம் கூட. அந்தச் சூட்டுக் காற்று மீற்றருக்குப் போகிற குழாய்க்குள் ஏறி, குளிர்ந்த இடத்தில் தண்ணீராகித் திரும்பப் பனலுக்குள் வடியும். பனல் பெட்டியில் துருவைக் கண்டால் அதுவாக இருக்கலாம். குழாய் வாயை உரிய பசையால் அடைக்கச் சொல்லுங்கள். வேறு வேலைக்கு வந்தவரிடமே கேட்டால் செய்து தருவார்.

கூப்பிடுகிறதென்றால் இப்பவே, செப்டெம்பர் ஒக்டோபரிலேயே கூப்பிடுங்கள். பனல் மாற்றுகிற நாளில் பல மணிநேரம் கரண்டை நிற்பாட்ட வேண்டிவரும். பேர்னஸும் அதோடு நிற்கும். மைனஸ் பதினைந்தில் அந்த மணிகளை வீட்டுக்குள் கோட்டோடு கழிக்க வேண்டிவரும், எலக்ரீசியனும் ஜனவரியில் லேசில் கிடைக்கமாட்டார்.